திருகோணமலைத் துறைமுகமும் மதுசாரக் கணக்கும்

ஓர்ஸ் ஹில் மேட்டினின்று துறைமுகத்தை நோக்குவார்க்குப் பிரித்தானியக் கடற்படை 1957 இல் கையளித்துச் சென்ற தளம் நினைவுக்கு வரும். அக்கடற்படையில் மாலுமிகளுக்கு நாள்தோறும் அளந்து கொடுக்கப்பட்ட றம் மதுவின் வரலாறு, ஈரலின் தொழிலோடு சேர்த்து ஆராயத்தக்கது என்பது எம் கருத்து. கீழைக்கடல்களிலே றம்முக்கு ஈடாகச் சாராயமும் வழங்கப்பட்டதுண்டு.

1740 இல் தளபதி வேர்னன், அரைப் பைந்து றம்மில் இரண்டு பைந்து நீர் கலந்து இருவேளையாகப் பகிருமாறு ஆணையிட்டார். வெறி தணியுமென்பது அவர் எண்ணம். உடற்றொழிலியல் இதனைப் பாதியே ஏற்கும். குருதியில் மதுசாரம் ஒரேயடியாக உயராது என்பது மெய். ஆயின் மொத்த அளவு குறைந்திலது. ஈரலின் நொதியங்கள் அதனை முதலில் அசற்றல்டிகைட்டாகவும், பின்னர் அசற்றேற்றாகவும் ஒட்சியேற்றுகின்றன. இவற்றுள் முன்னது நச்சுடையது. நொதியம் தன் எல்லையை எட்டியபின் வேகம் கூடுவதில்லை. மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராமே கழியும். தேசிக்காய்ச்சாறும் குளிர்நீராட்டும் (நம்மவர் இன்றும் நம்பும் மருந்துகள் இவை) அதனை விரைவுபடுத்தா.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நாட்பங்கு எட்டிலொரு பைந்தாக, அதாவது 71 மில்லிலீற்றராகக் குறைந்தது. நூற்றுக்கு 54 பங்கு வலிமையெனக் கொண்டு நாம் கணிக்குமிடத்து, அதில் 30 கிராம் மதுசாரம் உண்டு. நண்பகலில் அருந்தியவனது ஈரல் மேலும் மூன்று நான்கு மணித்தியாலம் உழைத்திருத்தல் வேண்டும். அதே பிற்பகலில் அவன் பொறிகளையும் இயக்கினான். சிக்கலான பொறிகளுக்கு இவ்வழக்கம் ஒவ்வாதெனக் கண்டு, 1970 யூலை 31 உடன் றம் பங்கு நிறுத்தப்பட்டது. அக்கடற்படை திருகோணமலையை நீங்கி அப்போது பதின்மூன்றாண்டுகள் ஆகவிருந்தன.