மைலன் சிறுவர்களும் ஒரு திரைப்படமும்

விளையாட்டில் பயிலும் இளைஞர்க்குத் திரைப்படத்தின் வாயிலாக வாழ்க்கை நெறியைப் புகட்ட விரும்பும் அமெரிக்கப் பயிற்சியாளர்கள் நாடும் படங்களுள், 1986-இல் வெளிவந்த 'ஹூசியர்ஸ்' மிகப் பிரசித்தமானது. பள்ளிகள் யாவும் பெரிது சிறிதென்ற பேதமின்றி ஒரே போட்டியில் மோதிய அக்காலத்தில், இந்தியானா மாகாணத்தின் சிற்றூராகிய மைலனில் 161 மாணவர்களே பயின்ற பள்ளியொன்று, 1954-இல் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் மன்சி சென்ட்ரல் என்னும் பெரும் பள்ளியை 32–30 என்ற கணக்கில் வென்ற சரித்திரமே அதற்கு ஆதாரம்.

படத்தில், பிரம்மாண்டமான அரங்கைக் கண்டு மருண்ட சிறுவர்களிடம் பயிற்சியாளர் அளவு நாடாவைக் கொடுத்து அளக்கச் சொல்கிறார். வளையத்தின் உயரம் தம் ஊரில் உள்ளது போலவே 10 அடிதான் என்று கண்டதும் அவர்கள் முகம் தெளிகிறது. அச்சத்தைப் போக்க இதனினும் சிறந்த உபதேசம் ஏது?

ஆயினும், படம் சொல்லாது விட்ட உண்மைகளே மேலும் அருமையானவை என்பது என் அபிப்பிராயம். மைலன் திடீரென உதித்த அணியன்று. முந்தைய ஆண்டே மாகாண அரையிறுதி வரை சென்று தோற்றிருந்தது. அதன் பயிற்சியாளர் மார்வின் வுட், படத்தில் வரும் நடுவயதினரைப் போலன்றி, 26 வயது இளைஞர். இறுதியாட்டத்தின் கடைசிப் பகுதியில், அணி பின்தங்கியிருந்த வேளையிலும், அவருடைய கட்டளைப்படி பாபி பிளம்ப் என்னும் மாணவன் 4 நிமிஷத்துக்கு மேல் பந்தைக் கையில் ஏந்தி அசையாது நின்றான். பின்பு எறிந்ததும் தவறியது. சற்று நேரத்தில் வெற்றிப் பந்தை வளையத்தில் இட்டவனும் அவனே.