விரலுக்கு ஓர் எழுத்து, செவிக்கு ஓர் எழுத்து



பார்வையற்றோர் கல்வியின் வரலாற்றை நோக்குமிடத்து, ஒரே தவறு இரு முறை நிகழ்ந்திருக்கக் காண்கின்றோம். முதன்முறை நிகழ்ந்தது பாரிஸ் நகரில். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வலன்ரீன் ஹாயி என்பவர் பார்வையற்ற சிறுவர்க்கென ஒரு பாடசாலை கண்டார். நல்லுள்ளம் படைத்த அப்பெரியார், அச்செழுத்துக்களையே தாளிற் புடைக்கச் செய்து, விரலால் தடவிப் படிக்குமாறு அமைத்தார். நூல்கள் பருத்தன, படிப்போ மெல்ல ஊர்ந்தது. கண்ணுக்கென்று பிறந்த எழுத்தை விரலின் மேற் சுமத்தியதே அதன் குறை. 1819-இல் அங்குச் சேர்ந்த லூயி பிரெயில் என்னும் சிறுவன் இதனை நன்குணர்ந்தான். சார்ள் பார்பியே வகுத்த பன்னிரு புள்ளி முறையை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, தன் இருபதாம் வயதில், 1829-இல், நூலாக வெளியிட்டான்.

அம்முறை பின்னர் நம் தமிழுக்கும் வந்தது. பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையாரும், இலங்கையில் 1912-இல் மேரி சப்மன் அம்மையாரும் தொடங்கிய பாடசாலைகளை நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

இரண்டாம் தவறு நம் காலத்தது; அதில் எனக்கும் பங்குண்டு.

இணையத்தளங்களை யாவரும் பயன்படுத்துதற்குரிய உலகளாவிய வழிகாட்டு நெறிகள் 1999-இல் வெளிவந்தன. 2006-இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் இருவர், திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கி, யாவர்க்கும் இலவசமாக வழங்கினர். அது தமிழும் வாசிக்கும். வாசிப்பதற்குத் தமிழ் இருந்தாலன்றோ?

எங்கள் ஜெயபுரத்தில் பார்வையிழந்த என் பழைய மாணவர் ஒருவர், ஓர் அலுவலகத்தின் தளத்திலிருந்த விண்ணப்ப அறிவித்தலைத் திறந்தார். செவியில் விழுந்தது பொருளற்ற ஆங்கில எழுத்தொலி! என்னை அழைத்தார், நான் பார்த்தேன். திரையில் அழகிய தமிழ். பாமினி எழுத்துருவில் அமைந்த தமிழ் அது. அவ்வெழுத்துருவில் ‘அம்மா’ என்று நம் கண்ணுக்குத் தோன்றுவது, கணினிக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. எழுத்துரு அவற்றின் மேற் போர்த்த தமிழ்ப் போர்வை. போர்வையைக் கண் காணும், செவி காணாது. இன்னும் பல அறிவித்தல்கள் தாளைப் படம்பிடித்து அப்படியே ஏற்றப்படுகின்றன. அவற்றில் அவ்வளவும் இல்லை, வெறும் மௌனமே. விண்ணப்ப நாள் கடந்த பின்னரே அவ்வறிவித்தலை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

தமிழ் எழுத்துக்களுக்குத் தமக்குரிய எண்களை வழங்கும் ஒருங்குறி 1991-இலேயே வந்துவிட்டது. போர் நடந்த இவ்வன்னி மண்ணிற் கண்ணிழந்தோர் பலர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016-இல் உறுதிப்படுத்தியது. ஆயினும் பாமினி போகவில்லை. பழகிய விசைப்பலகையை விட மனம் வருவதில்லை. நானும் இருபது ஆண்டு அதிலேயே தட்டச்சிட்டவன்.

இப்பொழுது எம் பாடசாலைச் சுற்றறிக்கைகள் ஒருங்குறியிற் செல்கின்றன. படம் இணைப்பின், அதில் இருப்பது யாதென ஒரு வரி எழுதுகின்றோம். அனுப்புமுன் அம்மாணவர் கேட்டுப் பார்க்கிறார். சென்ற கிழமை, பரீட்சை நேர அட்டவணையின் நிரல்கள் குழம்பி ஒலித்தனவென்று திருப்பி அனுப்பிவிட்டார். அதனைத் திருத்தும் வேலை இன்னும் முடியவில்லை.