புழுங்கலரிசி தந்த சான்று

சிலாங்கூரின் தலைநகராகிய ஷா ஆலமில், செத்தியா ஆலம் என்னும் பகுதியில், மலேசியச் சுகாதார அமைச்சைச் சார்ந்த தேசியச் சுகாதாரக் கழகங்கள் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. ஒரு மருந்தோ சிகிச்சையோ உண்மையிலேயே பயன் தருகின்றதா, தருமாயின் எத்துணைப் பேர்க்குத் தருகின்றது, அதனைப் பெற்ற பின் நோயாளியின் அன்றாட வாழ்வு எவ்வாறு அமைகின்றது என்னும் வினாக்களுக்கு விடை தேடுவது அங்கு நடைபெறும் பணிகளுள் ஒன்றாகும். இக்கழகங்களுள் மூத்தது மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அது 1900-ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரில் தோற்றுவிக்கப்பெற்றது.

இத்தகைய ஆராய்ச்சி கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் புதியதன்று. இரு கூட்டத்தாரை ஒப்புநோக்கிச் சிகிச்சையின் பயனை அளந்தறியும் முறை உலக மருத்துவத்தில் வேரூன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே கோலாலம்பூரில் அத்தகைய சோதனை ஒன்று நிகழ்ந்தது. அதில் மருந்தாக நின்றது, தமிழ்த் தொழிலாளர் நாள்தோறும் உண்டுவந்த புழுங்கலரிசி. அவ்வரலாற்றையும், அங்குத் தொடங்கி இன்றைய வாழ்க்கைத்தர ஆய்வு வரை மருத்துவத்தின் அளவுகோல் மாறிவந்த முறையையும் அறிதல் பயனுடைத்து.

பெரிபெரி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை வாட்டிற்று. கால்கள் மரத்துப்போதல், தசைகள் மெலிந்து நடை தளர்தல், சிலர்க்கு உடல் முழுதும் நீர் கோத்து வீங்குதல், முடிவில் நெஞ்சு தளர்ந்து உயிர் பிரிதல் ஆகியன இந்நோயின் குறிகள். ஈயச் சுரங்கங்களிலும், சிறைச்சாலைகளிலும், மனநோயாளர் விடுதிகளிலும் இது மிகுதியாகக் காணப்பட்டது.

இதன் காரணம் யாது என்பதில் மருத்துவர்கள் ஒத்த கருத்தினர் அல்லர். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநராகிய ஹாமில்டன் ரைட் இது ஒருவகைக் கிருமியால் பரவுவது என்று கருதினார். அக்காலம் கிருமிக் கொள்கை வெற்றி மேல் வெற்றி பெற்றுவந்த காலம். ஆதலின் அவர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றிய லியோனார்டு பிராடன் என்பாரோ வேறொன்றைக் கண்டார். சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்கு தீட்டப்பெற்ற வெள்ளைப் பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர் இந்நோய்க்குப் பெரிதும் ஆளாயினர். புழுங்கலரிசி உண்ட தமிழரும், தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்ட மலாய் மக்களும் பெரும்பாலும் தப்பினர். எனவே நோய்க்கும் அரிசிக்கும் தொடர்பு உண்டு என்று அவர் வற்புறுத்தினார். தம் கருத்துகளை 1907-இல் ஒரு பெரு நூலாகவும் வெளியிட்டார்.

காட்சியும் சான்றும்

பிராடன் கண்ட காட்சி மெய்யே. எனினும் அது முடிந்த சான்றாகாது. தமிழர்க்கும் சீனர்க்கும் இடையே அரிசி ஒன்று மட்டுமா வேறுபட்டது? ஒருவர் பெரும்பாலும் தோட்டத்திலும் இருப்புப்பாதையிலும் உழைத்தனர். மற்றவர் சுரங்கத்தில் உழைத்தனர். குடியிருப்பு வேறு, குழம்பும் கறியும் வேறு, வந்த ஊரும் வேறு. இத்தனை வேறுபாடுகளுள் எது நோயைத் தடுத்தது என்று எவ்வாறு துணிவது? கிருமிக் கொள்கையினர் எழுப்பக்கூடிய தடை இதுவே.

இத்தடையை நீக்க ஒரே வழிதான் உண்டு. ஒரே இடத்தில், ஒரே வகை வாழ்க்கை வாழ்வோரை இரு கூறாகப் பிரித்து, அரிசியை மட்டும் மாற்றி உண்பித்துப் பார்த்தல் வேண்டும். பிரிப்பதிலும் மருத்துவரின் விருப்பு வெறுப்பு நுழைதல் ஆகாது. வலியவரை ஒரு பக்கமும் மெலியவரை மறுபக்கமும் அறியாமலே சேர்த்துவிட்டால், விடை பிழையாகிவிடும். வில்லியம் பிளெச்சர் செய்தது இதுவே.

1905 டிசம்பர் 5

பிளெச்சர் கோலாலம்பூரில் மாவட்ட மருத்துவராக இருந்தவர். அந்நகரின் மனநோயாளர் விடுதியில் 1905-இல் பெரிபெரி கடுமையாகப் பரவிப் பலர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள், விடுதியில் இருந்தோர் அனைவரும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தப்பெற்று, இடப்புறத்திலிருந்து எண்ணப்பெற்றனர். ஒற்றைப்படை எண் பெற்றவர்க்குச் சயாமியப் பச்சரிசி. இரட்டைப்படை எண் பெற்றவர்க்கு இந்தியப் புழுங்கலரிசி. இரு சாராரும் தனித்தனிக் கூடங்களில் தங்கினர். அரிசி நீங்கலாக மற்ற உணவும் நடைமுறையும் ஒன்றே. நோய் கூடத்தைப் பற்றி நிற்கின்றதோ என்னும் ஐயத்தை அகற்ற, 1906-இன் நடுவில் இரு சாராரும் கூடம் மாற்றப்பெற்றனர். அரிசி மட்டும் மாற்றப்பெறவில்லை.

முடிவு ஐயத்திற்கு இடமின்றி அமைந்தது. பச்சரிசி உண்ட 120 பேருள் பலர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் இருவரிடமே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். பெரிபெரியால் இப்பிரிவில் ஒருவரும் இறந்திலர். இவ்வறிக்கை 1907-இல் இலண்டனின் 'லான்செட்' இதழில் வெளிவந்தது.

அடுத்து, மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானின் ஜெலுபுப் பகுதியில் காட்டை அழித்துச் சாலை அமைக்க வந்த ஜாவானியத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரிடம் இதே முறையைப் பின்பற்றினர். அவர்கள் முன்பு எவரும் குடியிராத புதுநிலத்தில் தங்கியவர்கள். ஆதலின் பழைய கட்டடத்தில் ஒட்டியிருந்த கிருமி என்று சொல்வதற்கு இடமில்லை. அங்கும் வெள்ளைப் பச்சரிசி உண்டவரிடமே நோய் தோன்றிற்று. இரு கூட்டத்தாரும் அரிசியை மாற்றிக்கொண்டபோது நோயும் இடம் மாறிற்று. 1909-இல் அவர்கள் முடிவை வெளியிட்டனர்.

காரணம் பின்னரே முற்றும் விளங்கிற்று. பிராடன் அரிசியில் நஞ்சு இருப்பதாக எண்ணினார். உண்மையில் இருந்தது நஞ்சன்று, குறைவே. நெல்லின் தவிட்டிலும் கருவிலும் உள்ள பி1 என்னும் உயிர்ச்சத்து, ஆலையில் தீட்டும்போது நீங்கிவிடுகின்றது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ அச்சத்து நீரோடு மணியின் உட்பகுதிக்குள் ஊடுருவிப் படிகின்றது; பின்னர்த் தீட்டினும் பெரும்பகுதி எஞ்சுகின்றது. ஜாவாவில் கோழிகளைக் கொண்டு இவ்வாராய்ச்சிக்கு வித்திட்ட எய்க்மன் 1929-இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வுயிர்ச்சத்து 1926-இல் ஜாவாவிலேயே தனியே பிரித்தெடுக்கப்பெற்றது. நெல்லவிக்கும் தமிழ்நாட்டு மகளிர் இவ்வேதியியலை அறிந்தவர் அல்லர். எனினும் அவர்தம் வழக்கம் கடல் கடந்து உழைத்தவர்களின் உயிரைக் காத்தது.

எண்ணில் அடங்காத ஒன்று

இவ்வெற்றியைப் போற்றும்போது மற்றொன்றையும் மறைத்தல் கூடாது. வரிசையில் நிறுத்தி எண்ணப்பெற்ற அம்மக்களிடம் எவரும் இசைவு கேட்டதாக அறிக்கை கூறவில்லை. 18 பேரின் இறப்பு எண்ணாக நிற்கின்றது. அவர்கள் பட்ட துன்பம் எண்ணாகவும் நிற்கவில்லை. அக்காலத்தின் அளவுகோல் இரண்டே: நோய் வந்ததா, உயிர் போயிற்றா. சோதனைக்கு உட்படுவோரின் இசைவு இன்றியமையாதது என்னும் அறம் 1947-ஆம் ஆண்டு நூரம்பர்க் நெறிகளிலும் 1964-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி அறிக்கையிலும்தான் உலகறிய நிலைநாட்டப்பெற்றது.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். அவற்றுள் முதலில் வைக்கப்பெற்றவர் நோயுற்றவர். மருத்துவரும், மருந்தும், உடனிருந்து பேணுபவரும் அவருக்குப் பின்னரே வருகின்றனர். இம்முறைவைப்பின் பொருளை மருத்துவ ஆய்வு உணர்வதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

சென்னையில் எழுந்த வினா

1956-இல் சென்னையில் காசநோய் மருந்தியல் ஆய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் கூடி அமைத்தவை அதன் பணிகள். அங்கு எழுப்பப்பெற்ற வினா எளியது: காசநோயாளியைச் சானடோரியத்தில் ஓராண்டு வைத்தே தீரவேண்டுமா, அன்றி வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாமா?

ஏழை நோயாளிகள் 193 பேர் சீட்டுக் குலுக்கியதைப் போலச் சார்பின்றி இரு கூறாக்கப்பெற்றனர். மருந்து இருவர்க்கும் ஒன்றே. சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் இருந்தன. வீட்டில் நெருக்கடியும் குறைந்த உணவும் இருந்தன. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும் வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் நோய் அடங்கினர். வீட்டில் தங்கியதால் குடும்பத்தார்க்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959-இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் கதவைத் திறந்துவிட்டது எனலாம்.

இச்சோதனையும் கிருமியைத்தான் எண்ணிற்று. ஆயினும் அதன் வினாவிலேயே நோயாளியின் குடும்பமும் கூலியும் குழந்தைகளும் புகுந்துவிட்டன. ஓராண்டு தாயைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கும், சம்பாதிப்பவரை இழந்த வீட்டிற்கும் சிகிச்சையின் விலை என்ன என்னும் எண்ணம் பிறந்துவிட்டது.

வாழ்வை அளத்தல்

அவ்வெண்ணம் முதிர்ந்து வாழ்க்கைத்தரம் என்னும் தனி அளவையாயிற்று. 1990-களில் உலகச் சுகாதார நிறுவனம் இதற்கென ஒரு வினாத்தாளை உருவாக்கிற்று. ஒரு மொழியில் எழுதிப் பிற மொழிகளில் பெயர்ப்பதற்கு மாறாக, 15 நிலையங்களில் ஒரே காலத்தில் மக்களைக் கேட்டு அதனை அமைத்தனர். அந்நிலையங்களுள் சென்னையும் ஒன்று. முதலில் 100 வினாக்கள். பின்னர் 26 வினாக்கள் கொண்ட சுருக்கம். உடல், உள்ளம், பிறரோடு கொண்ட உறவு, சுற்றுச்சூழல் என நான்கு பகுதிகள். மருத்துவர் காண்பதை அன்று, நோயாளி தாம் உணர்வதைக் கூறுவதே இங்குச் சான்று.

மற்றொரு கணக்கும் உண்டு. முழு நலத்தோடு வாழும் ஓராண்டை ஒன்று எனக் கொண்டால், பாதி நலத்தோடு வாழும் ஈராண்டும் ஒன்றே. இவ்வாறு ஆயுளின் நீளத்தையும் தரத்தையும் பெருக்கிக் கண்டு, ஒரு சிகிச்சை அதன் செலவுக்குத் தக்கதா என அரசுகள் ஆராய்கின்றன. மலேசியச் சுகாதார அமைச்சு 1995-இல் மருத்துவ முறைகளை மதிப்பிடுவதற்கெனத் தனிப் பிரிவை ஏற்படுத்தியது. இக்கணக்கில் ஒரு தீங்கும் மறைந்திருக்கக்கூடும். முதியவர்க்கும் ஊனமுற்றவர்க்கும் எஞ்சிய வாழ்வு குறைந்த எண்ணாகத் தோன்றலாம். எனவே எண் துணையாக நிற்கலாமேயன்றித் தீர்ப்பாக நிற்றல் ஆகாது.

மொழியின் பங்கு

இங்குத்தான் தமிழாசிரியர்களின் தொண்டு தேவைப்படுகின்றது. ஆங்கிலத்தில் மனச்சோர்வை நீல நிறத்தால் குறிக்கும் வழக்கு உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கிள்ளானில் வாழும் மூதாட்டிக்கு ஒன்றும் விளங்காது. 'மனசு சரியில்லையா', 'நெஞ்சு பாரமாக இருக்கிறதா' என்று கேட்டால் உடனே விடை வரும். 'ஓரளவு', 'மிகவும்', 'முற்றிலும்' என்னும் மூன்று சொற்களின் இடைவெளி விடை கூறுவோர்க்குச் சமமாகத் தோன்றாவிடின், பெற்ற எண்ணும் பிழைபடும். ஆதலால்தான் வினாவைத் தமிழாக்கியவரை விடுத்து மற்றொருவர் அதனை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடுவதும், பின்னர் நோயாளிகளிடமே படித்துக் காட்டித் திருத்துவதும் இத்துறையின் முறையாயின.

1905-இல் கொட்டகையில் நின்றவர்கள் எண்ணப்பெற்றனர், வினவப்பெறவில்லை. அவர்கள் வாழ்ந்த விடுதிக்கு மாற்றாகத் தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மருத்துவமனை 1911-இல் எழுந்தது. அவர்கள் தந்த சான்று மட்டும் மருத்துவ நூல்களில் நிலைத்திருக்கின்றது. இன்று அதே பள்ளத்தாக்கில் ஆராய்வோர் நோயாளியிடம் அவர் மொழியிலேயே கேட்கும் வாய்ப்பைப் பெற்றுள்ளனர். அம்மொழி தெளிவாக அமையும் அளவிற்கே விடையும் உண்மையாக அமையும்.