விசாரணை இல்லாத சிறையும் ஆட்கொணர்வு மனுவும்: காபிபோசா சட்டத்தின் அரை நூற்றாண்டு

விமான நிலையத்தில் ஒருவரின் பெட்டியிலிருந்து டாலர் கட்டுகள் பிடிபட்டால் அரசின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. சுங்கச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்ந்து, சாட்சிகளை நிறுத்தி, குற்றத்தை நிரூபித்துத் தண்டனை பெற்றுத் தருவது ஒன்று. மற்றொரு வழியில் வழக்கும் வேண்டியதில்லை, சாட்சியும் வேண்டியதில்லை. இவரை வெளியே விட்டால் மறுபடியும் கடத்துவார் என்று ஓர் உயர் அதிகாரி மனநிறைவு கொண்டு கையெழுத்திட்டால் ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம். 1974 டிசம்பர் 19 அன்று நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணிப் பாதுகாப்பு மற்றும் கடத்தல் தடுப்புச் சட்டம் இந்த இரண்டாவது வழியைத் திறந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டிக் காபிபோசா என்கிறோம்.

இந்தத் தடுப்புக் காவல் ஆணைகளை எதிர்த்து வந்த ஆட்கொணர்வு மனுக்களில் நீதிமன்றங்கள் எதைக் கேட்டன, எதைக் கேட்காமல் விட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘இவர் கடத்தினாரா’ என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவில்லை. ‘காகிதம் இவர் கைக்குச் சேர்ந்ததா, இவருக்குத் தெரிந்த மொழியில் சேர்ந்ததா, நாள் தவறாமல் சேர்ந்ததா’ என்றே திரும்பத் திரும்பக் கேட்டது. விசாரணை மறுக்கப்பட்ட மனிதனுக்கு இந்தக் கேள்விகளைத் தவிர வேறு காப்பு ஏதும் இல்லை.

தடுப்புக் காவலின் வேர் கம்பெனி ஆட்சியில் இருக்கிறது. 1818ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குமுறை III அரசியல் காரணங்களுக்காக விசாரணையின்றி அடைத்துவைக்க வழிசெய்தது. 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த தலைமுறைதான் முப்பது ஆண்டுகள் கழித்து அரசமைப்பை எழுதியது. ஆயினும் அந்த அதிகாரத்தை அது கைவிடவில்லை. 1949 செப்டம்பரில் அம்பேத்கர் முன்வைத்த வரைவு, பின்னர் 22ஆம் உறுப்பானது. காரணங்களைத் தெரிவிக்க வேண்டும், முறையிட வாய்ப்புத் தர வேண்டும், மூன்று மாதங்களுக்கு மேல் போனால் அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற வேலிகள் அதில் போடப்பட்டன. வேலிகளின் வலு முதன்முதலில் சோதிக்கப்பட்டது சென்னை மாகாணத்திலிருந்து போன வழக்கில். பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனின் மனுவை 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே தீர்ப்பில், காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்றிருந்த, தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு மட்டும் செல்லாது என்றானது. ‘அதிகாரம் இருக்கட்டும், காகிதத்தைக் காட்டு’ என்ற நிலைப்பாடு அன்றே தொடங்கிவிட்டது என்பது என் வாசிப்பு.

அரசியல் எதிரிகளுக்கென்று இருந்த இந்த ஆயுதம் செலாவணிக் கடத்தல்காரர்கள் பக்கம் திரும்பியது எப்படி? அந்நியச் செலாவணி அரிய பொருளாக இருந்த காலம் அது. தங்க இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேறு. உள்நாட்டு விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் இருந்த இடைவெளியே கடத்தலுக்கு லாபமானது. கடத்தி வரும் தங்கத்துக்கு டாலராகவோ பவுண்டாகவோதான் விலை கொடுக்க வேண்டும். அந்தப் பணம் உண்டியல் வழியாகவும், ‘குருவி’ என்று நம்மூரில் அழைக்கப்படும் பயணிகளின் பெட்டிகளிலும் போனது. 1973இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டமான ஃபெரா இதைக் குற்றமாக்கித் தண்டித்தது. ஆனால் பணம் போட்டவர் திரைக்குப் பின்னால் இருந்தார், பிடிபட்டது குருவி. சாட்சி சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்பதே அரசு சொன்ன நியாயம். அந்த நியாயத்தில் உண்மை இல்லாமல் இல்லை.

1974 செப்டம்பரில் அவசரச் சட்டம் ஒன்றின் மூலம், விசாரணையின்றி அடைக்க வழிசெய்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான மிசாவுக்குள் கடத்தல்காரர்கள் கொண்டுவரப்பட்டனர். வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்வு இதற்கு அடுத்து வருகிறது. 1971 போரின்போது அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை அப்போதும் விலக்கப்படாமல் இருந்தது. அதைப் பயன்படுத்தி, 1974 நவம்பரில் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று, கடத்தலுக்காக அடைக்கப்பட்டவர்கள் தங்கள் அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றம் செல்வதை நிறுத்திவைத்தது. 1975 ஜூனில் நாடு முழுவதற்கும் மூடப்பட்ட கதவு ஏழு மாதங்களுக்கு முன்பே இவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. கடத்தல்காரனுக்காகப் பரிந்து பேச அன்று எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள்? வெறுக்கப்படுகிறவனின் உரிமை முதலில் போகும். மற்றவர்களுடையது பின்னால் போகும். இதை நான் வருத்தத்தோடு எழுதுகிறேன்.

1975இன் நெருக்கடி நிலையில் காபிபோசாவில் 12ஏ பிரிவு சேர்ந்தது. காரணங்களைத் தெரிவிக்கும் கடமையும் போனது. அரசமைப்பின் 39ஆவது திருத்தம், அடிப்படை உரிமை வழக்குகளிலிருந்து சட்டங்களைக் காக்கும் ஒன்பதாம் அட்டவணையில் காபிபோசாவை வைத்தது. 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில், மிசா கைதிகளின் ஆட்கொணர்வு மனு நிற்காது என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

நெருக்கடி நிலை நீங்கிய பின் வந்த சில ஆண்டுகளே இந்த வரலாற்றின் செழுமையான பகுதி. ஜபல்பூர் தீர்ப்பின் அவமானத்திலிருந்து மீள நினைத்த நீதிமன்றத்தின் வேகம் அக்காலத் தீர்ப்புகளில் தெரிகிறது. ஆஷாதேவி வழக்கில், சுங்க அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் காவலில் வைக்கப்பட்டவர் திரும்பப் பெற்ற செய்தி, ஆணை பிறப்பித்தவரின் முன் வைக்கப்படவே இல்லை. முக்கியமான செய்தியை மறைத்துப் பெற்ற மனநிறைவு மனநிறைவே அல்ல என்று ஆணை ரத்தானது. 1980இல் இச்சு தேவி சொராரியா வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் தெளிவாகப் பேசினார். ஆணையில் எடுத்தாளப்பட்ட ஆவணங்களும் காரணங்களின் பகுதியே. சட்டம் சொல்லும் 5 நாளுக்குள், விதிவிலக்கானால் 15 நாளுக்குள், அவையும் கைதியின் கைக்குப் போக வேண்டும். காவல் சட்டப்படியானது என்று காட்டும் பொறுப்பும் அரசுடையதே.

மொழிக்கு வருவோம். லல்லுபாய் ஜோகிபாய் படேல் வழக்கில் காரணங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. குஜராத்தியில் வாயால் விளக்கிச் சொன்னோம் என்றது அரசு. கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி முறையீடு எழுதுவார்? எழுத்தில், அவர் அறிந்த மொழியில் தர வேண்டும் என்றது நீதிமன்றம். இதே கோட்பாடு தமிழுக்கும் வந்தது. 1999இல் பவுனம்மாள் வழக்கில், எடுத்தாளப்பட்ட ஓர் ஆவணத்துக்குத் தமிழாக்கம் தரப்படாத காரணத்தால் தடுப்புக் காவல் ஆணை ரத்தானது. அது காபிபோசா வழக்கு அல்ல, 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்ட வழக்கு. ஆயினும் விதி ஒன்றே.

பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கு தனித்து நிற்கிறது. திகார் சிறையில் காபிபோசாவின் கீழ் அடைபட்ட பிரிட்டன் நாட்டுப் பெண், தன் சின்ன மகளை மாதம் ஒருமுறைதான் பார்க்கலாம். வழக்கறிஞரைப் பார்க்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், உடன் சுங்க அதிகாரியும் இருப்பார். காவலையே எதிர்த்து அவர் முன்னர் போட்ட மனு தோற்றிருந்தது. சந்திப்புகள் பற்றிய மனுவில் 1981 ஜனவரியில் வென்றார். உயிர் வாழும் உரிமை மானத்தோடு வாழும் உரிமை என்ற கோட்பாடு அந்தத் தீர்ப்பில் பிறந்தது. உணவு, உறைவிடம், கல்வி பற்றிய பிற்கால வழக்குகளெல்லாம் சாய்ந்து நிற்கும் தூண் இது. கடத்தல் வழக்கில் அடைபட்ட ஓர் அயல்நாட்டுப் பெண்ணின் மனுவால் இந்நாட்டு மக்கள் அனைவரும் பயன் பெற்றிருக்கிறோம்.

பின்வந்த தீர்ப்புகளைச் சுருக்கமாகவே தொடுகிறேன். 1994இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு காபிபோசா செல்லும் என்று உறுதிசெய்தது. 1995இல் கமலேஷ்குமார் வழக்கின் அரசமைப்பு அமர்வு, ஆணையிட்ட அதிகாரியிடமே முறையிடும் உரிமையும் உண்டு, அதைக் கைதிக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்றது. ‘இனியும் கடத்துவார்’ என்ற ஊகத்தின் அடிப்படையைத் தொட்ட வழக்கு சென்னை விமான நிலையத்தில் தொடங்கியது. வெளிநாட்டுப் பணத்தோடு பிடிபட்ட அயல்நாட்டவர் ஒருவரின் கடவுச்சீட்டு அதிகாரிகளிடமே இருந்தது. நாட்டைவிட்டு நகரவே முடியாதவர் எப்படி மறுபடி கடத்துவார் என்று கேட்டு, கிமிக் பியோட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இதற்கிடையே சட்டத்தின் அடித்தளமே நகர்ந்துவிட்டது. 2000 ஜூன் 1 முதல் ஃபெரா நீங்கி ஃபெமா வந்தது. செலாவணி மீறலுக்குப் பொதுவாக இனிச் சிறை இல்லை. தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம். மீறலே சிறைக்குரிய குற்றமாக இல்லாதபோது, அதைத் தடுப்பதற்கு ஓராண்டுச் சிறை எப்படி? 2002இல் வெங்கடேசன் வழக்கில் எழுந்த கேள்வி இதுதான். இரு சட்டங்களின் நோக்கமும் வேறு, காபிபோசா தொடர்ந்து செல்லும் என்று உச்ச நீதிமன்றம் விடையளித்தது. அந்த விடையை என்னால் ஏற்க முடியவில்லை. நிரூபிக்கப்பட்ட செயலுக்கு அபராதமும் ஊகிக்கப்பட்ட செயலுக்குச் சிறையும் என்பது அளவு கெட்ட நீதி.

2024இல் கேரளத்திலிருந்து வந்த வழக்கு அண்மைச் சான்று. அந்நியச் செலாவணிக் கடத்தல் குற்றச்சாட்டில் காபிபோசாவின் கீழ் ஒருவர் அடைக்கப்பட்டார். 2023 செப்டம்பரில் சிறையிலிருந்து முறையீடு எழுதிக் கொடுத்தார். சிறை நிர்வாகம் அதைச் சாதாரணத் தபாலில் அனுப்பிவிட்டு மறந்தது. விடை வர ஏறத்தாழ 9 மாதங்கள் ஆயின. எடுத்தாளப்பட்ட ஒரு சாட்சியின் வாக்குமூலமும் அவருக்குத் தரப்படவில்லை. உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் இவ்விரு காரணங்களாலும் ஆணையை ரத்துசெய்தது. மின்னஞ்சல் இருக்கும் காலத்தில் ஒரு மனிதனின் விடுதலையைத் தபால் பைக்குள் போட்டுவைக்கலாமா என்ற கேள்வி அத்தீர்ப்பின் சாரம்.

இவற்றையெல்லாம் ‘சட்டத்தின் ஓட்டை’ என்று சொல்வோர் உண்டு. பிடித்துக் கொடுத்தும் தப்பிவிடுகிறார்கள் என்ற அதிகாரிகளின் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. ஆனால் ஓட்டை என்று சொல்லப்படுவது எது? ஐந்து நாளில் காகிதம் கொடுப்பதும், தமிழில் கொடுப்பதும், தபாலைச் சேர்ப்பிப்பதும் அரசால் செய்ய முடியாத காரியங்கள் அல்ல.

காபிபோசாவின்படி அறிவுரைக் கழகம் தன் கருத்தைச் சொல்ல 11 வாரங்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். 1978இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 44ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் 3ஆம் பிரிவு, 22ஆம் உறுப்பிலுள்ள மூன்று மாதம் என்ற வரம்பை இரண்டாகக் குறைக்கிறது. பணியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதியே கழகத்தின் தலைவராக வேண்டும் என்கிறது. அப்பிரிவு வந்தால் 11 வாரம் என்ற அவகாசம் நிற்காது. 1981இல் ஏ.கே. ராய் வழக்கில், அதை நடைமுறைக்குக் கொண்டுவரும்படி அரசுக்குக் கட்டளையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தப் பிரிவு இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.