பின்னும் ஜெட்டும்: வடசென்னையில் எரிவாயு அடுப்புப் பழுதுபார்ப்பு குறித்து ஒரு மறுப்பு

டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்', தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர்களின் கையிலிருந்து வாங்கிப் பயன்படுத்துவோரிடமும் பழுதுபார்ப்போரிடமும் கொடுத்த நூல். அதன்பின் இத்துறையில் எழுதுகிற எவரும் அதைத் தொடாமல் நகர முடிவதில்லை. இக்கட்டுரையும் அதற்குக் கடன்பட்டதே. ஆனால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் புழங்கிய எரிவாயு அடுப்புகளை அந்நூலின் சட்டகத்தில் பொருத்திப் பார்த்தால், முக்கியமான ஓரிடத்தில் அது பொருந்தாமல் துருத்துகிறது.

எட்ஜர்ட்டனின் வாதம் தெரிந்ததுதான். ஏழை நாடுகளுக்கு வந்து சேரும் பொருள்கள் அங்கே வேறோர் உருவும் வேறோர் ஆயுளும் பெறுகின்றன. அவற்றை அவர் கிரியோல் தொழில்நுட்பம் என்கிறார். தகரக் கூரையும் ரிக்‌ஷாவும் அவர் காட்டும் சான்றுகள். கானாவின் குமாசி நகரில், சுவாமே மேகசீன் பட்டறைகளில், வெளிநாட்டுக் கார் தொடர்ந்து பழுதுபார்க்கப்பட்டே அவ்வூர்க் காராகிவிடுகிறது. இங்கே பழுதுபார்ப்பு என்பது மூலத்திலிருந்து விலகும் கலை. பட்டறைக்காரரின் திறமைக்கு அளவுகோலும் அந்த விலகல்தான். இந்த வாசிப்பில் ஒரு பெருந்தன்மை உண்டு. 'ஏதோ ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள்' என்ற பழைய ஏளனத்தை அது ஒழித்தது. அதனாலேயே அதை எல்லாப் பொருளுக்கும் நீட்டிவிடும் ஆசை வருகிறது. எட்ஜர்ட்டன் எரிவாயு அடுப்பைப் பற்றி வாதிடவில்லை என்பது உண்மை. அவரைப் பின்பற்றுவோர் நீட்டுகிறார்கள். நீட்டுவதற்கு இடம் கொடுத்தவர் அவர்.

காருக்கும் அடுப்புக்கும் என்ன வேறுபாடு? எரிவாயு அடுப்பின் உயிர் ஜெட்டில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை கொண்ட பித்தளைத் துண்டு அது. ரெகுலேட்டரைத் தாண்டி, சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 30 கிராம் அழுத்தத்தில் வரும் வாயு, அத்துளை வழியே பீறிட்டு, கலவைக் குழாயின் வாயில் காற்றை இழுத்துக்கொண்டு பர்னருக்குள் போகிறது. துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் வாயு ஐந்தில் ஒரு பங்கு கூடும். காற்று அதற்கு ஈடுகொடுக்காது. சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கரியாகும், சிலிண்டர் சீக்கிரம் தீரும். இங்கே மூலத்திலிருந்து விலகுவது திறமை ஆகாது, சேதம். நல்ல மெக்கானிக் என்று ஒரு தெருவே ஒருவரைச் சொன்னால், அடுப்பு வாங்கிய நாளில் எரிந்தது போல எரிய வைப்பவர் என்றே பொருள்.

அமெரிக்காவில் பழைய ஓகீஃப் அண்ட் மெரிட் அடுப்புகளை மீட்டெடுப்போர் எனாமலுக்கும் குரோமுக்கும் மெனக்கெடுகிறார்கள். வடசென்னையில் உப்புக்காற்று தின்ற தகட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மீட்க வேண்டியது நீலச் சுடர்.

இந்த ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்பதே ஆராய வேண்டியது. 1955இல் பர்மா ஷெல் பம்பாயில் சமையல் எரிவாயுவை அறிமுகம் செய்தது, 1964இல் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் உருவானது, 1969இல் மணலியில் சென்னைச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது ஆகியவற்றை விரிக்கத் தேவையில்லை. அதற்கு முன்பே இப்பகுதியில் அடுப்புப் பழுதுபார்ப்பு ஒரு தொழிலாக இருந்தது: கிருஷ்ணாயில் ஊற்றி எரிக்கும் பம்ப் ஸ்டவ். 1892இல் ஸ்வீடனில் பிறந்த பிரைமஸின் வழித்தோன்றல். அதன் நிப்பிள் அடிக்கடி அடைக்கும். அதைக் குத்தவென்றே மெல்லிய கம்பி வைத்த தகட்டுப் பின் ஒன்று உண்டு. பின் குத்தத் தெரியாத வீடு இருந்திருக்காது. தோல் வாஷருக்கு எண்ணெய் விட, நிப்பிள் மாற்ற, ஈயம் வைக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களே பின்னர் எரிவாயு அடுப்புக்கும் வந்தார்கள் என்பது என் கருத்து. எழுத்துச் சான்று இதற்கு மெலிவுதான். ஆனாலும் ஒரு தடயம் வலுவாகப் பேசுகிறது: பழைய எரிவாயு அடுப்புகளில் ஜெட் துளை கோணலாக அகன்றிருப்பது. ஊக்கு அல்லது தையல் ஊசியின் வேலை அது. பம்ப் ஸ்டவ்வின் பின், நிப்பிள் துளைக்கென்றே அளவெடுத்த கம்பி. ஜெட்டுக்கு அப்படியொன்றும் சிலிண்டரோடு வரவில்லை. பழைய பழக்கம் புதிய பொருளில் இறங்கி அதைக் கெடுத்தது. கிரியோல் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். இதைக் கொண்டாட எட்ஜர்ட்டனே முன்வரமாட்டார்.

ராயபுரத்துப் பழுதுபார்ப்புக் கடை ஒன்றில் கண்ட இரட்டை பர்னர் அடுப்பு இவ்விடத்தில் முக்கியமாகிறது. குரோம் உரிந்து, கால் ஒன்று மாற்றப்பட்டது. முகப்புத் தகட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் மேல் 4246 என்ற தர எண், கீழே உரிம எண்ணின் தொடக்கம் மட்டும். மீதி துருவில் போய்விட்டது. தயாரிப்பாளர் பெயர் இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டுமே. முத்திரையை வைத்து 1987க்கு முந்தியது என்று சொல்லத் தோன்றும். அந்த ஆண்டு இந்தியத் தர நிறுவனம் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறியது. ஆனால் முத்திரை மாறவில்லை, இன்றும் ஐ.எஸ்.ஐ.தான். 4246ஆம் தரம் 1967இல் முதலில் வந்து, 1992, 2002 உட்படப் பலமுறை திருத்தப்பட்டது. தகட்டில் ஆண்டு இல்லை. ஆகவே 1967க்குப் பின் என்பதைத் தாண்டி எதுவும் உறுதியில்லை. பர்னரின் கனத்தைப் பார்த்தால் எழுபதுகள் என்று எனக்குப் படுகிறது. கனத்தை வைத்துக் காலம் கணிப்பது எவ்வளவு ஆபத்து என்பதும் தெரியும்.

தகட்டைவிட ஜெட்டுகளே அதிகம் சொல்கின்றன. இரண்டு பர்னரும் ஒரே அளவு. இடப்பக்க ஜெட்டில் தயாரிப்பாளர் அடித்த எண் உண்டு. வலப்பக்கத்தில் எண் இல்லை. லேத்தில் கடைந்த பித்தளை, அறுகோண முகம் ஒன்றில் கையால் குத்திய இரண்டு புள்ளிகள். துளைகளில் கம்பி விட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒரே பருமனை ஏற்றன, அடுத்த பருமனை இரண்டுமே மறுத்தன. உள்ளூரில் யாரோ மூல ஜெட்டை அளந்து அதே அளவில் இன்னொன்றைச் செய்திருக்கிறார். இரண்டு புள்ளிகளை அளவுக் குறி என்று கொள்கிறேன். ஒரே ஒரு அடுப்புக்காகக் கடைந்தவருக்குக் குறி எதற்கு? பல அளவுகளில் செய்து டப்பாவில் போட்டு வைத்தவருக்கே அது தேவை. லேத்துக்காரரின் அடையாளமாக இருக்கலாம் என்று மறுக்கலாம். அந்த மறுப்பை முற்றிலும் தள்ள இந்த ஒரே ஒரு ஜெட் போதாது. ஆனால் அடையாளம் என்றாலும் என் வாதம் சாய்வதில்லை. துளை மூலத்தைப் பின்பற்றியே இருக்கிறது.

அந்தத் துல்லியம் இங்கே கிடைத்ததற்குக் காரணம் வெளியே தேட வேண்டியதில்லை. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு. அவற்றைச் சுற்றி முளைத்த லேத்துப் பட்டறைகளில் நுண்ணிய துளை போடும் கை பழகியிருந்தது. அளவிலிருந்து விலகினால் பாகம் திரும்பி வந்துவிடும் என்ற பயிற்சி அது. குமாசியின் பட்டறை சுதந்திரத்தில் வளர்ந்ததென்றால், இது அளவுக்குக் கட்டுப்பட்டு வளர்ந்தது. இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில், கிடைத்த அடுப்பை அப்படியே காப்பாற்றும் தேவையும் சேர்ந்துகொண்டது. 2006 தேர்தல் வாக்குறுதியின்படி வந்த இலவச அடுப்புகளுக்குப் பின் பாகம் மாற்றுவதே பெரும்பாலும் வேலையாயிற்று. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை இப்போதுதான் வருகிறது. 2018இல் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களுக்கான குழாய்வழி எரிவாயு உரிமம் டோரண்ட் காஸ் நிறுவனத்துக்குப் போயிற்று. 2019 மார்ச்சில் எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. அதே கன அளவில் இயற்கை எரிவாயுவுக்கு வெப்பத்திறன் குறைவு, வீட்டுக்கு வரும் அழுத்தமும் குறைவு. துளையின் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாக வேண்டும். நேற்றுவரை சேதமாக இருந்த அகலப்படுத்தல் இன்று அவசியம். எட்ஜர்ட்டன் தரப்பு இதைத் தங்களுக்குச் சாதகமாகக் காட்டக்கூடும். அளவெடுத்த புது ஜெட்டைப் போட்டால் அந்த வாதம் செல்லாது. ஒரு தரத்திலிருந்து இன்னொரு தரத்துக்கு மாறுகிறோம், அவ்வளவே. இருந்த ஜெட்டையே துளையிட்டு அகலப்படுத்துகிற மெக்கானிக் இருந்தால், அந்த அடுப்பு சிலிண்டருக்குத் திரும்ப முடியாது. அங்கே அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.