நீர்வர்ணத்தில் ஒரு சப்பாத்து

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளை பூசி முற்றத்து வெயிலில் காயவைத்த கன்வஸ் சப்பாத்துக்களை நம்மில் யாரும் மறந்திருக்கமாட்டோம். சித்திர வகுப்பில் மேசைமேல் வைத்த குவளையையும் பழத்தையும் பார்த்து வரைந்தோம். காலில் கிடந்த சப்பாத்து வரையத் தகுந்தது என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அப்படி எண்ணிய இரு பெண்களை இம்மலரில் நினைவுகூருகிறோம்.

1930களின் பொருளாதார மந்தத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஓவியர்கள் பலர் வேலையிழந்தனர். அவர்களுக்கு ஊதியத்துடன் தொழில் கொடுக்க அரசாங்கம் ஒரு கலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியே 'அமெரிக்க வடிவமைப்புச் சுட்டி'. நியூயோர்க் பொது நூலகத்தின் படப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த ரொமானா ஜாவிட்ஸ், துணி வடிவமைப்பாளரான ரூத் ரீவ்ஸ் ஆகிய இருவரிடம் பிறந்த எண்ணம் அது. 1935 முதல் 1942 வரை, மக்கள் வீட்டில் பாவித்த கதிரை, பொம்மை, போர்வை, உடை எல்லாம் சுமார் 18,000 நீர்வர்ண ஓவியங்களாயின. இன்று அவை வொஷிங்டனிலுள்ள தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன.

அவற்றுள் பெண்களின் அலங்காரச் சப்பாத்துக்களும் உண்டு. நிறப் புகைப்படம் அக்காலத்தில் செலவு மிகுந்தது, நிறமும் நிலைக்காது. ஆகவே ஓவியர்கள் மெல்லிய வர்ணத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, பட்டின் மினுக்கத்தையும் தையலையும் மட்டுமல்ல, தேய்வையும் உள்ளபடி காட்டினர். 18ஆம் நூற்றாண்டுப் பெண்களின் சப்பாத்துக்களில் பெரும்பாலும் இடம் வலம் என்ற வேறுபாடு இல்லை. அணிந்த பெண்ணின் பாதமே நாளடைவில் அவற்றுக்கு அந்த வடிவத்தைக் கொடுத்தது. அதனால், தேய்வை அழகாக்கி மறைக்காத ஓவியத்தில் அவளுடைய நடையும் பதிவாகிறது.

எனினும் அச்சுட்டிக்கு ஒரு குறை உண்டு. அந்நாட்டின் பூர்வீகக் குடிகளின் கைப்பணிகள் மானிடவியலாளரின் துறைக்குரியவை என்று ஒதுக்கப்பட்டன. மணி கோத்துத் தைத்த அவர்களின் தோற் சப்பாத்துக்களுக்குப் பட்டுச் சப்பாத்தின் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. எதைப் பேணுவது என்று தீர்மானிக்கும்போதே எதை மறப்பது என்றும் தீர்மானித்துவிடுகிறோம்.

நூற்றாண்டு காணும் நமது சங்கத்துக்கும் இது பொருந்தும். வெற்றிக் கிண்ணங்களையும் குழுப் படங்களையும் பேணினோம். தையல் மாதிரிகளும் சித்திரக் கொப்பிகளும் இடப்பெயர்வுகளில் எத்தனையோ போயின. உலகின் எப்பகுதியில் வாழ்ந்தாலும், பாடசாலை நாளின் ஒரு சிறு பொருள் எஞ்சியிருந்தால் அதைப் பார்த்து வரைவோம். யாருடையது, எந்த ஆண்டுக்குரியது என்று கீழே எழுதுவோம். கை நடுங்கினாலும் பரவாயில்லை. தேய்வை மட்டும் மறைக்காதிருப்போம்.