மரப்பெட்டியில் கிடக்கும் சின்னப் பதக்கம்

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று கார் தொழிற்சாலைகள் வந்து காஞ்சிபுரம் வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. ஓட்டு வீடுகளை இடித்துத் தளம் போடும்போது பரணிலிருந்து இறங்குகிற மரப்பெட்டியில் சில நேரம் பட்டாளத்துத் தாத்தாவின் போட்டோவும், நகம் அளவு பதக்கமும் இருக்கும்.

இந்த மண்ணுக்கும் பட்டாளத்துக்கும் பழைய பந்தம் உண்டு. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நொறுக்கினார்கள். அதே மாதக் கடைசியில் கம்பெனிக்காக மெட்ராஸ் பயனியர்ஸ் படை திரட்டப்பட்டது. பாதை போடுவதும் பாலம் கட்டுவதும் அதன் வேலை. பின்னாளில் பெங்களூரில் நிலைகொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் இதுதான். ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’.

அந்தத் தம்பிகளில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். பழைய செங்கல்பட்டு ஜில்லா, கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தது அவருடைய குழு. ஒருவர் கால் வெடியின் மீது பட்டுவிட்டது. ஜெர்மானியரின் அந்த எஸ்-மைன் மிதித்த கணமே வெடிக்காது. சில விநாடி கழித்து இடுப்பு உயரத்துக்கு எகிறி, நூற்றுக்கணக்கான இரும்புக் குண்டுகளைச் சுற்றிலும் வீசும். அந்தச் சில விநாடிக்குள் சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து படுத்தார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் உயிர் போனது. வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டது. 1945-ல் டெல்லியில் வைஸ்ராய் வேவலின் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டவர் அவர் மனைவி துர்க்கம்மாள்.

வெள்ளிச் சிலுவை, நடுவில் டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜ், கருநீல ரிப்பன். பின்புறம் பெற்றவரின் பெயர். அன்றாடச் சீருடையில் ரிப்பன் மட்டும் குத்தும்போது அதன் நடுவே குட்டிச் சிலுவை ஒன்றைப் பதிப்பது மரபு. சுப்பிரமணியனுக்கு அது வாய்க்கவே இல்லை.

மற்றப் பதக்கங்களுக்கும் இப்படிச் சின்ன நகல் உண்டு. ராணுவ விருந்துகளில் மாலை உடையோடு அணிவதற்காக, சுமார் பாதி அளவில் செய்தது. பெரும்பாலும் பெற்றவரே காசு கொடுத்து வாங்கியது. ஆகவே சின்னதாக இருக்கிறதே என்று போலி என்றோ பொம்மை என்றோ ஒதுக்குவது தவறு.

பதக்கத்தின் உலோகமும் பேசும். கம்பெனியின் 1799 ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்கு மேலதிகாரிகளுக்குத் தங்கம், சிப்பாய்களுக்கு வெள்ளீயம். முதல் உலகப் போர் முடிந்த பிறகும் அதே கதைதான்: படைவீரனுக்கு வெள்ளி, மூட்டை சுமந்தவனுக்கு வெண்கலம். ஒரே போரில் உயிரைப் பணயம் வைத்தவர்களை இப்படித் தரம் பிரித்தது அநியாயம்.

முதல் உலகப் போரின் பெரிய பதக்கங்களில் விளிம்பைப் பாருங்கள். எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். சின்ன நகலில் பொதுவாகப் பெயர் இருக்காது. அதன் சொந்தக்காரர் யாரென்று சொல்ல போட்டோதான் துணை. தொப்பிச் சின்னம், கைப்பட்டை, அட்டையில் ஸ்டூடியோ முத்திரை எல்லாமே தடயம். ஆகவே பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். அடையாளம் சொல்லும் பாட்டி இருக்கும்போதே போட்டோவின் பின்னால் பென்சிலால் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள்.